'நார்மல்' என்று நான் எழுதிய நாள்

எதிரே உட்கார்ந்து ஆடப்போகிறவள் நம்முடைய தோழியாகவும் இருந்தால், நமக்குத் தெரிந்ததில் எவ்வளவை அவளிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்? பன்னிரண்டு வயதில் என் முன்னால் வந்து நின்ற கேள்வி இது. இன்று ஒன்பது வயது மகளுக்குத் தாயாக இருக்கிறேன். இன்னும் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் அதற்கு முன்பாகவே விரல் நுனியில் ஒரு நறநறப்பு வந்துவிடுகிறது. நெய்வேலியில் எங்கள் பிளாக்கின் கிளப்பில் இருந்த செஸ் பலகையின் மேல், எத்தனை முறை துடைத்தாலும் மறுநாள் மாலைக்குள் படிந்துவிடும் பழுப்பு நிலக்கரித் தூளின் நறநறப்பு அது. வெள்ளைக் கட்டங்களை மட்டும் துடைத்தால் போதும், கறுப்பில் தெரியவா போகிறது என்பாள் ஜெசிந்தா. நான் இரண்டையும் துடைப்பேன்.

ஜெசிந்தா என் வகுப்புத் தோழி. மந்தாரக்குப்பத்தில், கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். அவள் அப்பாவும் என் அப்பாவும் ஒரே மைன்ஸில்தான் வேலை பார்த்தார்கள், ஆனால் என் அப்பா 'பெர்மனென்ட்', அவள் அப்பா 'கான்ட்ராக்ட்'. இந்த இரண்டு சொற்களுக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருந்தது என்பது டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் இருந்தது, வாசலில் முருங்கை மரமும் கொய்யா மரமும் இருந்தன, கிளப்புக்குள் நுழைய உரிமை இருந்தது. ஜெசிந்தா என் 'கெஸ்ட்' ஆகத்தான் உள்ளே வர முடியும். வாசலில் ஒரு நோட்டு இருக்கும். தன் பெயரை எழுதி, பக்கத்துக் கட்டத்தில் 'யாருடைய விருந்தினர்' என்பதற்கு நேராக என் பெயரையும் அப்பாவின் வேலை எண்ணையும் எழுதிவிட்டு அவள் உள்ளே வர வேண்டும். நான் சும்மா நடந்து உள்ளே போய்விடுவேன். அப்பாவின் வேலை எண் எனக்கு மனப்பாடம் ஆவதற்கு முன்பே அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

எங்களுக்கு யாரும் செஸ் சொல்லித் தரவில்லை. கிளப் அலமாரியில் பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்தது. அட்டை கிடையாது, நடுவிலும் பல தாள்கள் கிழிந்து போயிருந்தன. அகராதியை வைத்துக்கொண்டு அதைப் படித்துப் படித்துக் கற்றோம். அதில் 'இரண்டு குதிரைத் தற்காப்பு' என்ற பகுதியில் ஒரு தாக்குதல் வந்தது. வெள்ளைக்காரர்கள் அதற்கு என்ன காரணத்தாலோ ஈரல் வறுவல் என்று பெயர் வைத்திருந்தார்கள். அகராதியில் பொருள் பார்த்ததும் ஜெசிந்தா சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசையில் கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் எங்களை அதட்டினார்கள். "எங்க வூட்ல ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூசை முடிஞ்சி வந்தா அம்மா இதத்தான்டி செய்யும்" என்றாள். எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்க மாட்டார்கள். அதனால், ஈரல் வறுவல் என்று நான் சத்தமாகச் சொல்வதைக் கேட்பதற்காகவே அவள் திரும்பத் திரும்ப அந்தப் பெயரைக் கேட்பாள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் நடுச் சிப்பாயை நகர்த்தி, ஆளுக்கு ஒரு குதிரையை வெளியே கொண்டுவந்ததும், வெள்ளை தன் மந்திரியைத் தூரத்தில் நிறுத்திக் கறுப்பு ராஜாவின் பக்கத்துச் சிப்பாயைக் குறிவைக்கும். அப்போது கறுப்பு தன் இரண்டாவது குதிரையை வெளியே எடுத்தால், வெள்ளைக் குதிரை ஒரே பாய்ச்சலில் முன்னேறி அதே சிப்பாயைக் குறிவைக்கும். கறுப்பு ஒரு சிப்பாயைக் குறுக்கே தள்ளும். வெள்ளை அதை வெட்டும். பதிலுக்குக் கறுப்பு குதிரையால் வெட்டும். அவ்வளவுதான், அதன் பிறகு வெள்ளை தன் குதிரையைப் பலி கொடுத்து, கறுப்பு ராஜாவைப் பலகையின் நடுவுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடும். எங்கள் புத்தகம் அதோடு நின்றது. அடுத்த தாள் இல்லை. எனவே கறுப்பு இரண்டாவது குதிரையை எடுத்தாலே தோல்விதான் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்திருந்தோம். எங்களுக்குள் ஆடும்போது கறுப்பாக இருப்பவள் அந்தக் குதிரையைத் தொடவே மாட்டாள்.

இந்த முடிவுகளை எல்லாம் எழுதி வைக்க எங்களிடம் ஒரு 'லாக்புக்' இருந்தது. அது அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். அப்பாவுக்கு செஸ் தெரியாது, நிலக்கரி ஓடும் கன்வேயர் பெல்ட் தெரியும். ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்ட் ஆள் வரும்போது, தான் பார்த்த குறை, பாதியில் நிற்கிற வேலை எல்லாவற்றையும் லாக்புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் 'நார்மல்' என்று எழுத வேண்டும். ஒருநாள் காலை ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வந்து சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றில் கை வைத்த பிறகு, ஒரு உருளையில் கீச்சென்று சத்தம் வந்ததை எழுதவில்லை என்று நினைவு வந்து, கையைக் கழுவிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சாப்பிட்டுவிட்டுப் போனால் ஆகாதா என்று அம்மா கடிந்துகொண்டாள். "நான் கேட்ட சத்தம் அடுத்து வர்றவனுக்குத் தெரியாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கியத்தை நான் ஜெசிந்தாவிடம் சொன்னேன். நாமும் அப்படி ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்று அவள்தான் சொன்னாள். ஒருநாள் நோட்டு என்னிடம், மறுநாள் அவளிடம். வீட்டில் தனியாக ஆடிப் பார்த்ததில் கண்டதை எழுதி, கையெழுத்துப் போட்டு, மறுநாள் பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன் கைமாற்ற வேண்டும். அதை 'ஷிப்ட் மாத்துறது' என்போம். ஒரு வருடம் ஒருநாள்கூடத் தவறியதில்லை.

அந்த ஆண்டு கிளப்பில் பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்களுக்குப் போட்டி வைத்தார்கள். முதலில் வருகிற ஒருத்தியைக் கடலூரில் நடக்கும் மாவட்டப் போட்டிக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். கெஸ்ட் ஆக வருகிறவள் ஆடலாமா என்று யாரோ கேட்டபோது, கிளப் செக்ரட்டரி சார் ஆடட்டும் என்றார். கிளப் சார்பில் கடலூருக்குப் போகிற பிள்ளைக்கு 'பிளேயர் கார்டு' கொடுத்துவிடுவோம், யாராக இருந்தாலும் சரி என்றும் சொன்னார். அந்த அட்டை இருந்தால் ஜெசிந்தா வாசலில் நோட்டில் எழுத வேண்டியதில்லை. நான் வராத நாளிலும் அவள் வரலாம். அன்று பஸ் நிறுத்தம் வரை சேர்ந்து நடந்தோம். அங்கே நின்றதும் அவள், "போட்டோ ஒட்டுவாங்களாடி அதுல?" என்று கேட்டாள்.

எனக்கு அந்த அட்டையால் ஒரு பயனும் இல்லை. இதை நான் பலமுறை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் எனக்கு வேறொன்று வேண்டியிருந்தது. எங்களுக்குள் ஆடும் பத்து ஆட்டங்களில் ஏழு அவள் பக்கம்தான் போகும். கேரம் மேசைக்காரர்கள் அதைக் கவனித்துவிட்டார்கள். "என்னம்மா கவிதா, கெஸ்ட்டு வந்து வீட்டுக்காரங்களையே வெளியில அனுப்பிடும் போலிருக்கே" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஜெசிந்தா காயிலிருந்து கண்ணை எடுக்காமல், "பயப்படாதீங்க அங்கிள், போவசொல்ல கதவ சாத்திட்டுத்தான் போவேன்" என்றாள். அவர்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று இரவு வீட்டில் தனியாகப் பலகையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு பிற்பகல், நோட்டு என்னிடம் இருந்த நாள். அப்பா ஷிப்டுக்குப் போயிருந்தார், அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். கறுப்புக் காய்களின் பக்கம் உட்கார்ந்து ஈரல் வறுவலை எனக்கு நானே ஆடிக்கொண்டிருந்தேன். வெள்ளை என் சிப்பாயை வெட்டிய இடத்தில், நான் ஏன் உடனே திருப்பி வெட்ட வேண்டும் என்று தோன்றியது. வெட்டாமல், மற்றக் குதிரையைப் பலகையின் ஓரத்துக்குக் கொண்டுபோய் மந்திரியைத் துரத்தினால்? காய்களை நகர்த்திப் பார்த்தேன். ஒரு சிப்பாய் குறைகிறது, ஆனால் வெள்ளையின் தாக்குதல் அங்கேயே நின்றுவிடுகிறது. மந்திரி ஓட வேண்டும், பிறகு குதிரை ஓட வேண்டும், அதற்குள் என் காய்கள் எல்லாம் வெளியே வந்துவிடும். மூன்று முறை ஆடிப் பார்த்தேன். கிழிந்த தாளில் இருந்தது இதுதான் என்று புரிந்தது. உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த பதில் அது என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். அன்று அது என்னுடையது மட்டும்தான்.

லாக்புக்கைத் திறந்தேன். தேதி எழுதினேன். பிறகு 'நார்மல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை அவள் அதைப் பிரித்துப் பார்த்து, "இன்னாடி, தூங்கிட்டியா?" என்றாள். ஆமாம் என்றேன்.

போட்டி இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. கடைசிச் சுற்றுக்கு வரும்போது நானும் அவளும் சமமான புள்ளிகளில் இருந்தோம். எங்கள் இருவருக்கும்தான் ஆட்டம். அவளுக்கு வெள்ளைக் காய். பூசை முடிந்து நேராக வந்திருந்தாள், தலையில் மல்லிகை இருந்தது. அவள் அப்பா சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டு, உள்ளே வர முடியாதென்று வெளியே வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.

சிப்பாய்கள் நகர்ந்தன, குதிரைகள் வந்தன, அவள் மந்திரியை நிறுத்தினாள். நான் எப்போதும்போல் என் மந்திரியை எடுத்திருக்க வேண்டும். இரண்டாவது குதிரையை எடுத்து வைத்தேன்.

ஜெசிந்தா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எங்கள் நோட்டின்படி அது தோற்பதற்கான நகர்வு. அது எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். அவள் முகத்தில் முதலில் வந்தது குழப்பம். பிறகு வந்ததை நான் இன்றும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். நான் அவளுக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று அவள் நினைத்துவிட்டாள். மெல்லத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்பதுபோல். ஆட்டத்தின் நடுவே பேசக் கூடாது. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு குனிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, குதிரையைப் பாய்ச்சினாள்.

நான் சிப்பாயைத் தள்ளினேன், அவள் வெட்டினாள். அடுத்த நகர்வு எனக்கு இரண்டு வாரமாகத் தெரியும். ஆனாலும் நான் உடனே ஆடவில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டேன், நெற்றியைச் சுருக்கினேன், ஒரு காயைத் தொடப் போய் நிறுத்தினேன். பத்து நிமிடம் அப்படி யோசிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். மறைத்ததைக்கூட ஒருவேளை மன்னித்துவிடலாம்; அந்தப் பத்து நிமிடத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு குதிரையை ஓரத்துக்கு எடுத்து வைத்தேன்.

அவள் மந்திரி ஒரு 'செக்' கொடுத்துவிட்டுப் பின்வாங்கியது. என் ஓரச் சிப்பாய் அவள் குதிரையைத் துரத்தியது. நடுச் சிப்பாய் மறுபடி துரத்தியது. ஆட்டத்தையே முடிக்கப் புறப்பட்ட அந்தக் குதிரை, பத்தாவது நகர்வில் தான் கிளம்பிய கட்டத்துக்கே திரும்பிப் போய் நின்றது. முப்பது நகர்வுகளுக்குள் எல்லாம் முடிந்தது. அவள் ராஜாவைச் சாய்த்துவிட்டுக் கை நீட்டினாள்.

வெளியே வந்ததும் அவள் கேட்டது ஒரே கேள்விதான். "நீ மொதல்ல எனக்குக் குடுக்கத்தான நெனச்சிகினு ஆடுன?"

நான் ஆமாம் என்று தலையசைத்தேன்.

"அப்புறம் அந்த மூவ் கண்ணுல பட்டுடுச்சா?"

அதற்கும் தலையசைத்தேன்.

"பட்டா ஆடாம எப்படிடி இருக்கறது" என்றாள். என் மேல் கோபமே இல்லை. வேப்ப மரத்தடியிலிருந்து அவள் அப்பா, என்ன ஆயிற்று என்பதுபோல் கையை விரித்தார். இவள் இங்கிருந்தே, "கவிதாதாம்பா. ஆனா சூப்பரா ஆடுனா" என்று சொன்னாள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "நல்லா வாம்மா" என்றார். சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மல்லிகை மட்டும் தெரிந்தது.

மறுநாள் காலை நோட்டு அவளிடமிருந்து என்னிடம் வந்தது. அந்த நகர்வை, அதற்கு வெள்ளை தரக்கூடிய பதில்களையும் சேர்த்து, இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தாள். கடைசியில், "இதைக் கண்டுபிடித்தவள் கவிதா, போட்டியின் நடுவில், பத்தே நிமிடத்தில்" என்று எழுதி, அடியில் கோடு போட்டுக் கையெழுத்திட்டிருந்தாள்.

அப்பா அதைப் படித்தார். எதற்கும் பெருமைப்பட்டுப் பேசாத மனிதர், அந்த வாரம் முழுக்க ஷிப்ட் பஸ்ஸில் பத்து நிமிடக் கதையைச் சொல்லிக்கொண்டு போனார் என்று அம்மா சொன்னாள். அவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு முறை அவர் நாற்காலி வரை போனேன். இரண்டு முறையும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

கடலூரில் ஐந்து ஆட்டங்களில் மூன்றில் தோற்றேன். பிளேயர் கார்டு கொடுத்தார்கள். போட்டோ ஒட்டித்தான் கொடுத்தார்கள். ஜெசிந்தா அதைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்தாள். முழுப் பரீட்சை வரைக்கும் வாசலில் என் பெயரை எழுதிவிட்டு வந்துகொண்டிருந்தாள். கோடை விடுமுறையில் அவள் அப்பாவின் கான்ட்ராக்ட் முடிந்தது. குள்ளஞ்சாவடிப் பக்கம், அவள் அம்மாவின் பிறந்த வீட்டோடு போய்விட்டார்கள். போவதற்கு முன் நோட்டை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. தேடினேனா என்று கேட்டால், தேடாமல் இருந்தேன் என்பதுதான் சரியான பதில்.

திருமணத்துக்குப் பிறகு, கணவரின் வேலையால் மறுபடி இதே டவுன்ஷிப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். கிளப் பூட்டிக் கிடக்கிறது. கேரம் ஆடியவர்கள் ரிட்டயர் ஆகி அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். அப்பா குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது, அம்மா எங்கள் நோட்டைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டாள். இப்போது இங்கே பிள்ளைகள் மேசையைச் சுற்றி நின்று செஸ் பேசிக் கேட்க முடிவதில்லை. செல்போனிலேயே ஆடுகிறார்கள், செல்போனே பதிலும் சொல்கிறது, ஒருத்தி கண்டது இன்னொருத்திக்குத் தெரியாது, தெரிய வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. கையெழுத்துப் போட்டு எதையும் யாரிடமும் ஒப்படைப்பதில்லை. அது நல்லதாகக்கூட இருக்கலாம். ஒப்படைக்காத இடத்தில் ஏமாற்றவும் முடியாதல்லவா என்று சில நாள் நினைக்கிறேன். அடுத்த நாள் அப்படி இல்லை என்று தோன்றுகிறது.

என் மகள் யாழினி செஸ் வகுப்புக்குப் போகிறாள். எதிர்த் தெருவில் இருக்கும் தன்யாவும் அவளும் ஒன்றாகவே போகிறார்கள், ஒன்றாகவே ஆடிப் பழகுகிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை பள்ளிகளுக்கிடையே போட்டி. நேற்று முன்தினம் காலையில் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது யாழினி சொன்னாள்: தன்யா எப்போதும் ஆடுகிற தொடக்கத்தில் ஓர் ஓட்டை இருப்பதை இவள் கண்டுவிட்டாளாம். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டாள். "தன்யாகிட்ட சொல்லிடணுமாம்மா?"

நான் ரிப்பனைத் தேடுவதுபோல் அந்தப் பக்கம் போய்விட்டேன். அவளுடைய பயிற்சியாளர், தயாரிப்பை யாரிடமும் சொல்லக் கூடாது என்று வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார். அவர் சொல்வது தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை. போட்டி என்றால் அப்படித்தான். என் கணவரிடம் கேட்டேன், இதற்கெல்லாமா யோசிப்பாய் என்று சிரித்தார். சொல்லிவிடு என்று நான் யாழினியிடம் சொன்னால், என் பழைய கடனை ஒன்பது வயதுப் பிள்ளையின் ஆட்டத்தால் அடைக்கப் பார்க்கிறேனோ என்று பயம். சொல்லாதே என்றால், எதிரே உட்கார்ந்திருப்பவள் நிமிர்ந்து பார்க்கும்போது இவள் முகத்தை எப்படி வைத்துக்கொள்வாள் என்று பயம். நீயே முடிவு செய் என்று ஒதுங்கிவிடுவதும் என்னால் ஆகாது; என்னிடம் கேட்டிருக்கிறாள்.

ஜெசிந்தாவின் கதையை அவளுக்குச் சொல்லிவிடலாம், கேட்டுவிட்டு அவளே தீர்மானிக்கட்டும் என்றுகூட நினைத்தேன். ஆனால் அம்மா எப்போதும் உண்மைதான் சொல்வாள் என்று நம்புகிற வயது அவளுக்கு. அந்த நம்பிக்கை இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கும் என்று தெரியாது. அதை நானே என் கையால் எடுத்துவிட மனம் வரவில்லை.

இது அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது இந்த ஞாயிற்றுக்கிழமை போயிருக்கும். நான் ஏதோ ஒன்றைச் சொல்லியிருப்பேன், அது சரியா என்று யோசித்துக்கொண்டும் இருப்பேன். ஆனால் போட்டிகள் இன்னும் வரும். அவள் மறுபடி கேட்பாள். பிள்ளைகளை வளர்த்தவர்கள், வளர்த்துக்கொண்டிருப்பவர்கள் யாராவது, சிறு வயதில் நீங்கள் ஒருவருக்குச் செய்த தவறை உங்கள் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறீர்களா? எத்தனை வயதில் சொன்னீர்கள், எப்படித் தொடங்கினீர்கள், கேட்ட பிறகு அந்தப் பிள்ளை உங்களை எப்படிப் பார்த்தது? தயவுசெய்து எழுதுங்கள்.